படிப்பும் பட்டினமும் பிணியும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அரசாங்க உத்தியோகத்தின் மீது நம்மவர் கொண்ட பற்றை எடுத்துக்காட்ட இதனினும் பொருத்தமான வாசகம் கிடைப்பது அரிது. வயலை விற்றும், காணியை ஈடு வைத்தும் பிள்ளைகளைப் படிப்பித்த பெற்றோரின் எண்ணம் ஒன்றே. தம் பிள்ளை வெயிலில் நின்று மண்வெட்டி பிடிக்கலாகாது. நிழலில் கதிரையில் இருந்து பேனை பிடிக்க வேண்டும். அவ்வெண்ணம் பல குடும்பங்களில் நிறைவேறியும் விட்டது. ஆனால், அந்தக் கதிரை அப்பிள்ளையின் உடம்புக்கு யாது செய்தது என்ற கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

கேள்வி சற்று விபரீதமானதாகத் தோன்றலாம். படித்தவன் நோயின் காரணங்களை அறிந்தவன். நல்ல உணவை வாங்கவும், வேளைக்கு வைத்தியரிடம் செல்லவும் வசதி உடையவன். ஆகவே அவனை நோய் அணுகுவது குறைவாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். இதில் உண்மை உண்டு; ஆயினும் அது முழு உண்மை அன்று. சில இடங்களில் படித்தவரே முதலில் நோயுறுகின்றனர். வேறு சில இடங்களில் படியாதவரே பெரிதும் நோயுறுகின்றனர். இந்த முரண்பாட்டின் காரணத்தை அறிந்துகொண்டால், நம் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி மிகப் பயனுள்ள ஒரு பாடத்தை நாம் கற்றவராவோம்.

கல்வி தந்த ஆயுள்

முதலிற் கல்விக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். 1945 ஆம் ஆண்டில், அப்போது கல்வி மந்திரியாக விளங்கிய ஸி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியினால் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பயன் உத்தியோகங்களோடு நின்றுவிடவில்லை. அவுஸ்திரேலியக் குடித்தொகை அறிஞர் ஜோன் கால்ட்வெல் 1979 இல் நைஜீரியா நாட்டு விபரங்களை ஆராய்ந்து, படித்த தாயின் குழந்தைகள் பிழைத்து வளரும் வாய்ப்பு மிகுதி என்பதை எடுத்துக் காட்டினார். 1986 இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், வறிய நாடுகளாக இருந்தும் மரண விகிதத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்ட இடங்களாக இலங்கை, கேரளம், கொஸ்ரா றிக்கா ஆகிய மூன்றையும் அவர் சுட்டினார். பெண்கள் பெற்ற கல்வி இதற்கு ஒரு தலையாய காரணம் என்பது அவர் கண்ட முடிவு.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. படித்த தாய் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கிறாள். அங்கே தாதியிடமும் வைத்தியரிடமும் அஞ்சாமல் கேள்வி கேட்கிறாள். வயிற்றோட்டமும் மலேரியாவும் வாரிக்கொண்டு போன குழந்தைகள் இவ்வாறு காப்பாற்றப்பட்டன.

ஆயின், குழந்தைப் பருவத்தில் தப்பியவர்கள் ஐம்பது அறுபது வயதை எட்டும்போது வேறொரு வகைப் பிணிக் கூட்டம் அவர்களை எதிர்கொள்கிறது. சலரோகம் என்று நம்மவர் வழங்கும் நீரிழிவு, இரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரக நோய் என்பன அக்கூட்டத்தின் உறுப்பினர்கள். இவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவன அல்ல. ஒரே இரவில் வருவனவும் அல்ல. பத்து இருபது ஆண்டுகளாக ஓசையின்றி உடம்பினுள்ளே வளர்ந்து, ஒரு நாள் காலில் ஆறாத புண்ணாகவோ, மங்கும் பார்வையாகவோ, நெஞ்சு வலியாகவோ வெளிப்படும். இவற்றின் விதை நாள்தோறும் நாம் உண்ணும் முறையிலும், நடக்கும் தூரத்திலும், உறங்கும் நேரத்திலும், வாழும் தெருவிலும் இருக்கிறது.

இலங்கையின் கணக்கு

2005, 2006 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் நீரிழிவைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடைபெற்றது. இருபது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் ஏறக்குறைய 4,500 பேர் சோதிக்கப்பட்டனர். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றிலொரு பங்கினர் தமக்கு அந்நோய் இருப்பதை அதுவரை அறியாதவர்கள். நகரத்தையும் கிராமத்தையும் பிரித்துப் பார்த்தபோது வேற்றுமை இன்னும் தெளிவாயிற்று. கிராமத்தில் 8.7 வீதம்; நகரத்தில் 16.4 வீதம். அதாவது நகரவாசிக்கு நோய் ஏறத்தாழ இரு மடங்கு. அதே ஆய்வில் உடற்பருமனை ஆராய்ந்தபோது, நகரத்தில் வாழ்வோர், அதிக வருவாய் உள்ளோர், அதிகம் படித்தோர் ஆகியோரிடமே அது மிகுந்து காணப்பட்டது.

இவ்வாய்வில் வடக்கும் கிழக்கும் சேரவில்லை என்பதைத் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். யுத்தத்தின் காரணமாக ஒன்பது மாகாணங்களில் ஏழிலேயே அது நடந்தது. பின்னர் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நாடு தழுவி நடந்த மற்றோர் ஆய்வு, வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 23 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. கணிக்கும் முறைகள் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுமாதலால் இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிடுதல் முறையாகாது. எனினும், நோய் சிறுபான்மையினரின் துன்பமாக இருந்த காலம் போய்விட்டது என்பதில் ஐயமில்லை.

படித்தவரிடம் உடற்பருமன் மிகுவானேன்? இதற்குரிய விடையின் முதற் பகுதியை இலண்டன் மாநகரின் பஸ் வண்டிகள் தருகின்றன.

பஸ் வண்டி தந்த பாடம்

இரண்டாவது உலக யுத்தத்தின் பின் ஜெரி மொறிஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் இலண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் 31,000 பேரின் இருதய நிலையை ஆராய்ந்தார். முடிவுகள் 1953 இல் 'லான்செற்' என்னும் வைத்திய சஞ்சிகையில் வெளியாயின. கொழும்பிலும் ஒரு காலத்தில் ஓடிய மாடி பஸ்களை நினைவுகூரும் முதியோர் இக்காட்சியை எளிதாக மனக்கண்ணிற் காணலாம். சாரதி நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். கொண்டக்டரோ பயணிகளிடம் பணம் வாங்குவதற்காக மாடிப்படிகளில் ஏறி இறங்குகிறார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 படிகள். இருவரும் ஒரே வர்க்கத்தினர். ஒரே நிறுவனத்தில் ஒரே வண்டியில் வேலை செய்பவர். இருந்தும் இருதய நோய் கொண்டக்டர்களிடம் குறைவாகவும், வந்தாலும் கடுமை குறைந்ததாகவும் காணப்பட்டது. கால்நடையாகவும் சைக்கிளிலும் கடிதம் கொண்டு செல்லும் தபாற்காரரையும், கந்தோரில் அமர்ந்திருக்கும் லிகிதர்களையும் ஒப்பிட்டபோதும் அவ்வாறே வேற்றுமை தென்பட்டது.

மொறிஸ் அத்துடன் நிற்கவில்லை. நிறுவனம் வழங்கிய சீருடைகளின் அளவை எடுத்துப் பார்த்து, சாரதிகளின் இடுப்புச் சுற்றளவு கொண்டக்டர்களினதை விட அதிகம் என்பதையும் 1956 இல் வெளியிட்டார். பருத்த உடலுள்ளவரே சாரதி வேலையை நாடினர் எனவும் ஒருவர் வாதிக்கலாம். ஆகவே பஸ் வண்டிகள் மட்டும் எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அவர் காட்டிய திசையையே உறுதிப்படுத்தின.

உடம்பினுள் நடப்பது இதுதான். நாம் உண்ணும் சோறும் பாணும் செரித்து, சீனியாக இரத்தத்திற் கலக்கின்றன. அச்சீனியைப் பெருமளவில் வாங்கிச் சேமித்து எரிக்கும் களஞ்சியம் நமது தசைகளே. இன்சுலின் என்னும் சுரப்பு அக்களஞ்சியத்தின் கதவைத் திறக்கும் திறவுகோல். தசைகள் வேலை செய்யும்போது அத்திறவுகோலின் உதவி குறைவாக இருந்தாலும் சீனியை இழுத்துக்கொள்கின்றன. வேலையற்றுக் கிடக்கும் தசைகளோ நாளடைவில் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை. அதனை ஈடுசெய்யச் சதையி மேன்மேலும் இன்சுலினைச் சுரந்து களைத்துப்போகும்போது நீரிழிவு தோன்றுகிறது. தென்னாசிய மக்களாகிய நமக்கு இதில் ஒரு பிரத்தியேகமான தீங்கும் உண்டு. ஐரோப்பியரோடு ஒப்பிடும்போது ஒரே நிறையிலும் நமக்குத் தசை குறைவு. வயிற்றைச் சுற்றிய கொழுப்பு அதிகம். ஆதலினாலேயே நம் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் இடுப்பளவின் எச்சரிக்கை எல்லைகளாக வகுக்கப்பட்டுள்ளன.

ஆகவே படிப்பு கதிரையைத் தந்தது. கதிரை தசைகளின் வேலையைப் பறித்தது. விடயம் இவ்வளவுதான் என்றால் நம் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அதே இலண்டன் மாநகரம் இதற்கு நேர்மாறான ஒரு சாட்சியத்தையும் வைத்திருக்கிறது.

பெரிய உத்தியோகமும் சிறிய உத்தியோகமும்

1967 இல் தொடங்கி, பிரித்தானிய அரசாங்கக் காரியாலயங்கள் நிறைந்த வைற்ஹோல் பகுதியில் சுமார் 18,000 ஆண் உத்தியோகத்தரின் தேகநிலை ஆராயப்பட்டது. அதன் முடிவுகளை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர் மைக்கல் மார்மற் என்னும் அறிஞர். இருதய நோயினால் இறந்தவர்களைக் கணக்கிட்டபோது, மேல்மட்ட நிர்வாகிகளை விட, தூதுவர்களும் வாயிற்காவலர்களுமாகிய கடைமட்டத்தினரிடம் அந்த விகிதம் மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தது. உச்சியிலிருந்து அடிவரை, ஒவ்வொரு படிக்கும் கீழே நோய் சற்றுக் கூடுகிறது. இவர்களில் எவரும் பட்டினி கிடக்கும் ஏழைகள் அல்லர். புகைத்தல், இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு முதலிய வழக்கமான காரணங்களைச் சேர்த்துப் பார்த்தும் வேற்றுமையின் பாதியைக்கூட விளக்க முடியவில்லை.

1985 இல் ஆண்களும் பெண்களுமாக 10,308 பேரைக் கொண்டு தொடங்கிய இரண்டாவது ஆய்வு மற்றொரு காரணத்தின் மீது வெளிச்சம் பாய்ச்சியது. தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை எவனுக்குக் குறைவோ, அவனுக்கு இருதய நோய் அதிகம். கட்டளைக்குக் காத்திருப்பவனின் உடம்பு ஓயாத விழிப்பில் இருக்கிறது. அவ்விழிப்புக்குரிய சுரப்புகள் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் உயர்த்திக்கொண்டே இருக்கின்றன.

இங்கே படித்து மேலே சென்றவரே நீடு வாழ்ந்தனர். இலங்கையிலோ படித்தவரிடமே உடல் பருத்தது. இரண்டும் உண்மையாக இருப்பது எங்ஙனம்?

சென்னையின் இரண்டு குடியிருப்புகள்

விடை நமக்கு அண்மையிலேயே, சென்னை மாநகரத்திற் கிடைக்கிறது. 1990 களின் நடுப்பகுதியில், நீரிழிவு நிபுணர் வி. மோகன் அவர்களின் குழுவினர் அந்நகரின் இரண்டு குடியிருப்புகளை ஆராய்ந்தனர். ஒன்று திருமங்கலத்தில் உள்ள நடுத்தர வருவாயினரின் குடியிருப்பு. மற்றையது தியாகராயநகர்ப் பகுதியில் உள்ள குறைந்த வருவாயினரின் குடியிருப்பு. இரண்டிலுமாக 1,262 பேர் சோதிக்கப்பட்டனர். நடுத்தர வருவாயினரில் 12.4 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. ஏழைகளில் 6.5 வீதத்தினருக்கே இருந்தது. சலரோகம் பணக்காரரின் வியாதி என்று நம் பாட்டன்மார் சொன்ன சொல்லை மெய்ப்பிப்பது போல அமைந்த கணக்கு அது.

பத்து ஆண்டுகள் கழித்து அதே இரண்டு குடியிருப்புகளுக்கும் ஆய்வாளர்கள் மீண்டும் சென்றனர். நடுத்தர வருவாயினரின் கணக்கு 15.4 வீதமாக உயர்ந்திருந்தது. ஏழைகளின் கணக்கோ 15.3 வீதமாகியிருந்தது! ஒரு சாராரிடம் நோய் காற்பங்கு கூடிய காலத்துக்குள் மறு சாராரிடம் இரு மடங்குக்கும் மேலாகக் கூடிவிட்டது. பணக்காரரின் வியாதி ஒரு தசாப்தத்துக்குள் எல்லாருடைய வியாதியுமாயிற்று.

இடையில் நடந்தது என்ன? நடுத்தர வருவாயினர் தம் முதலாவது சோதனை முடிவைக் கண்டு கலங்கினர். ஆய்வாளர்கள் அவர்களுக்கு உடற்பயிற்சியின் அவசியத்தை எடுத்துரைத்தனர். அக்குடியிருப்பினர் தாமாகவே ஒன்றுகூடிப் பணம் சேர்த்து, நடைபயில்வதற்கென்று ஒரு பூங்காவை அமைத்தனர். கிழமைக்கு மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோரின் தொகை அங்கே 14.2 வீதத்திலிருந்து 58.7 வீதமாக உயர்ந்தது. படிப்பு இங்கே தன் மறுமுகத்தைக் காட்டுகிறது. எச்சரிக்கையை வாசித்து விளங்கிக்கொள்ளவும், கூட்டம் கூட்டவும், அதிகாரிகளோடு பேசவும், காரியத்தை நிறைவேற்றவும் அவர்களுக்கு அது துணைநின்றது. மற்றைய குடியிருப்பினருக்கோ சேர்ப்பதற்குப் பணமுமில்லை. பூங்கா அமைப்பதற்கு நிலமுமில்லை. ஆனால் நகரம் மலிவாக்கிய எண்ணெய்ப் பலகாரமும், சீனி கலந்த பானமும், உடலுழைப்பைக் குறைக்கும் யந்திரங்களும் அவர்கள் வாசலுக்கும் வந்து சேர்ந்தன.

முரண்பாடு இப்போது தெளிவாகிறது. ஒரு சமூகம் நகரமயமாகும் முதற் கட்டத்தில், கதிரையையும் வாகனத்தையும் தீனியையும் முதலில் அடைபவர் படித்தவரும் பணமுள்ளவருமே. ஆதலால் நோயும் அவர்களையே முதலில் அடைகிறது. இரண்டாவது கட்டத்தில் அவையெல்லாம் மலிந்து எல்லாரையும் எட்டுகின்றன. அப்போது படித்தவர் ஆபத்தை அறிந்து விலகத் தொடங்குகின்றனர், ஏனையோர் அகப்பட்டுக்கொள்கின்றனர். பிரித்தானியாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1930 களில் அங்கே மாரடைப்பு மேல்வர்க்கத்தினரின் நோயாகவே கணிக்கப்பட்டது. 1960 கள் வந்தபோது அது தொழிலாளரிடமே மிகுந்துவிட்டது. இந்தியாவில் 15 மாநிலங்களில் 57,117 பேரைச் சோதித்து 2017 இல் வெளியான ஆய்வும், செல்வம் மிகுந்த மாநிலங்களின் நகரங்களில் வறியவரிடமே நீரிழிவு அதிகம் என்பதைக் கண்டது. இலங்கை இவ்விரு கட்டங்களுக்கும் இடையில் நிற்கிறது.

இடம் மாறினால் நோய் மாறுமா?

மனவுறுதி உள்ளவன் எங்கிருந்தாலும் நலமாக வாழலாம், தெருவைக் குறை சொல்வானேன் என்று கேட்பாரும் உளர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1994 முதல் 1998 வரை நடந்த ஒரு பரீட்சை அவர்களுக்கு விடையளிக்கிறது. வறுமை மிகுந்த அரசாங்க வீடுகளில் வாழ்ந்த 4,498 தாய்மார் திருவுளச்சீட்டு முறையில் மூன்று பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு, வறுமை குறைந்த அயலுக்குச் சென்றால் மட்டும் செல்லுபடியாகும் வீட்டு வாடகை உதவி கிடைத்தது. மற்றொரு பிரிவினருக்கு நிபந்தனையற்ற உதவி கிடைத்தது. மூன்றாம் பிரிவினருக்குப் புதிய உதவி யாதுமில்லை. எவருக்கும் உணவு அட்டவணையோ உடற்பயிற்சி வகுப்போ கொடுக்கப்படவில்லை.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் சென்றபின் அவர்களின் நிறையும் இரத்தமும் சோதிக்கப்பட்டன. நல்ல அயலுக்குச் செல்லும் வாய்ப்பைப் பெற்ற பிரிவில், மூன்றாம் பிரிவோடு ஒப்பிடும்போது, கடுமையான உடற்பருமனும் நீரிழிவும் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் அளவுக்குக் குறைந்திருந்தன. வாய்ப்புப் பெற்றவர்கள் எல்லாரும் வீடு மாறவில்லை என்பதை நினைவிற் கொண்டால், இந்த வேற்றுமை சிறிதன்று. அஞ்சாமல் மாலையில் நடக்கக்கூடிய தெருவும், அருகில் நல்ல மரக்கறிக் கடையும், சற்று அமைதியான உறக்கமும் மருந்துக்கு ஒப்பான வேலையைச் செய்யும் என்று நினைப்பதற்கு இது இடந்தருகிறது.

கல்வியைப் பற்றியும் இத்தகைய ஓர் இயற்கைப் பரீட்சை உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாடசாலையை விட்டு விலகக்கூடிய வயது 1972 இல் 15 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டத்தின் காரணமாக ஓராண்டு கூடுதலாகப் படித்தவரிடம் பிற்காலத்தில் நீரிழிவு குறைந்திருந்ததாக 2018 இல் ஓர் ஆய்வு கூறியது. ஆயுளைப் பொறுத்தவரை பயன் எதுவும் தென்படவில்லை எனக் கண்ட வேறு ஆய்வாளரும் உளர். கல்வி கைகொடுக்கும், ஆனால் தனித்து நின்று எல்லாவற்றையும் செய்துவிடாது என்று கொள்வதே நியாயம்.

மலையகத்து இளைஞர்

இத்தருணத்தில் நாம் கவலையோடு நோக்க வேண்டியவர்கள் தோட்டப் பகுதிகளிலிருந்து கொழும்பை நாடிவரும் இளைஞர்களும் யுவதிகளும் ஆவர். தோட்டங்களில் நீரிழிவு நகரத்தைவிடக் குறைவு. மலையேறிக் கொழுந்து பறிக்கும் உழைப்பு அதற்கு ஒரு காரணம். ஆனால் நிறை குறைந்த குழந்தைகள் பிறப்பது அங்கேதான் அதிகம்.

டேவிட் பார்க்கர் என்னும் ஆங்கிலேய வைத்தியர், ஹேர்ட்போட்ஷயர் பகுதியில் 1911 முதல் மருத்துவிச்சிகள் எழுதிவைத்த குழந்தைகளின் நிறைக் குறிப்புகளைத் தேடியெடுத்தார். அக்குழந்தைகளில் ஆண்கள் 5,654 பேரின் பிற்கால வாழ்வைத் தொடர்ந்து பார்த்து, பிறப்பிலும் ஒரு வயதிலும் நிறை குறைந்திருந்தவரே பிற்காலத்தில் இருதய நோயினால் அதிகம் இறந்தனர் என்று 1989 இல் காட்டினார். நீரிழிவுக்கும் இதே தொடர்பு இருப்பது பின்னர் அறியப்பட்டது. தாயின் வயிற்றிற் பஞ்சத்துக்கென்று பழகிய உடல், திடீரெனத் தீனியைச் சந்திக்கும்போது தடுமாறுகிறது.

மலையிலிருந்து புறக்கோட்டைக் கடைக்கு வந்து, காலையில் பணிஸும் சீனித் தேநீரும், இரவிற் கொத்து ரொட்டியும் சோடாவுமாக, கடையின் பின்னறையில் அரைகுறையாக உறங்கி வாழும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவன் அவன். எப்போது உண்பது, எப்போது ஓய்வது என்று தீர்மானிக்கும் உரிமை அவனுக்கு இல்லை. சென்னையின் இரண்டாவது குடியிருப்பு அடைந்த கதி அவனுக்கும் நேராதிருக்க வேண்டுமானால், அவனை நாற்பது வயதில் வைத்தியசாலையிற் சந்திப்பதை விட இருபது வயதிற் கடையிற் சந்திப்பதே மேல். வடக்கிலும் கிழக்கிலும் நிலைமை வேறு வகையில் மாறிவருகிறது. ஒரு காலத்தில் ஊரையே சுமந்த சைக்கிளின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது.

என் செய்யலாம்?

முதலில் நம்பிக்கை தரும் செய்தி. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு, வைத்திய நிபுணர் ஏ. இராமச்சந்திரனின் குழுவினர் இந்தியாவில் நடத்திய ஆய்வு 2006 இல் வெளியாயிற்று. சாதாரண அறிவுரை மட்டும் பெற்றோரில் மூன்றாண்டுக்குள் 55 வீதத்தினர் நோயாளராயினர். உணவைத் திருத்தி, நாள்தோறும் நடந்து, இடைவிடாத ஊக்கமும் பெற்றோரில் 39.3 வீதத்தினரே நோயாளராயினர். நோய் விதிவசமானது அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை எளியன. கிழமையில் 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. கருவாடும் ஊறுகாயும் அக்கணக்கிற் சேரும். தேநீரிற் சீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். கோப்பையிற் சோற்றைக் குறைத்துக் கீரையையும் மரக்கறியையும் பருப்பையும் கூட்டலாம். நம் முன்னோர் உண்ட குரக்கனும் தீட்டாத அரிசியும் ஏழைகளின் உணவு என்று ஒதுக்கத் தக்கவை அல்ல.

மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாடசாலை முடிந்தவுடன் ரியூஷன், அது முடிந்தவுடன் மேசை விளக்கு என்று பிள்ளையின் பொழுதைக் கட்டிவிடுகிறோம். விளையாட்டு நேரம் வீண் நேரம் என்று எண்ணுகிறோம். கதிரையிலேயே வளரும் பிள்ளை, உத்தியோகத்துக்குப் போகும் முன்னரே உத்தியோகத்தரின் உடம்பைப் பெற்றுவிடுகிறான். மாலையில் ஒரு மணி நேரம் மைதானத்தில் ஓடும் பிள்ளை படிப்பிற் பின்தங்கிவிடமாட்டான். படிப்பை உடம்புக்கு உதவச் செய்யும் சந்தர்ப்பங்களும் உண்டு. இந்நாட்டில் 2016 முதல் மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறிகள் இடம்பெறலாயின. அக்குறியின் பொருளை அறிந்த மாணவன், எழுத்தறியாத பாட்டிக்கும் கடைப் பையனுக்கும் அதனைச் சொல்லிக்கொடுக்கலாம்.

2011 முதல் அரசாங்க வைத்தியசாலைகளோடு இணைந்து ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. நடுத்தர வயதினரின் இரத்த அழுத்தமும் சீனியும் அங்கே இலவசமாகச் சோதிக்கப்படுகின்றன. அங்கே செல்வோரிற் பெரும்பாலார் பெண்களே. ஆண்களின் வருகை மிகக் குறைவு. தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும் குடும்பத் தலைவரைக் கையோடு அழைத்துச் செல்லும் கடமை மனைவிக்கும் மக்களுக்கும் உரியது.

இவற்றோடு பொதுக் கடமை ஒன்றும் நமக்கு உண்டு. நடைபாதை இல்லாத வீதியில் எவரும் நடக்கமாட்டார். விளக்கில்லாத ஒழுங்கையிற் பெண்கள் மாலையில் உலாவ அஞ்சுவர். வசதி படைத்தவர் காரில் ஏறிச் சுதந்திர சதுக்கத்துக்குச் சென்று நடந்துவிட்டு வருவர். தொடர்மாடியிலும் தோட்டத்து லயத்திலும் வாழ்வோர் எங்கே செல்வர்? நகரசபையிலும் பிரதேச சபையிலும் வீதிக்கும் வடிகாலுக்கும் குரல் கொடுக்கும் நம் பிரதிநிதிகள், நடைபாதைக்கும் சிறுவர் விளையாடும் நிலத்துக்கும் குரல் கொடுக்கும்படி செய்தல் வேண்டும். அக்கோரிக்கையை எழுதவும், கூட்டத்தில் எழுந்து பேசவும் வல்லவர் யார்? படித்தவரே.

திருமங்கலத்துக் குடியிருப்பினர் தம் அறிவைக் கொண்டு தமக்கொரு பூங்கா அமைத்துக்கொண்டது மெச்சத்தக்கதே. தியாகராயநகர்க் குடியிருப்புக்கும் அத்தகைய ஒரு பூங்கா அமைந்திருந்தால், பத்து ஆண்டுக்குப் பின் எடுத்த கணக்கு வேறாக இருந்திருக்கக் கூடும். காணியை ஈடு வைத்துப் படிப்பித்த பெற்றோரின் பிள்ளைகள் இன்று கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் சபைகளிலும் இருக்கின்றனர். தம் வீட்டாரின் நலத்தோடு நின்றுவிடாமல், தம் தெருவின் கடைசி வீட்டுக்காரரும் நடப்பதற்கு ஒரு பாதை உண்டா என்று அவர்கள் பார்ப்பார்களாக.